காஸ்டிங் ஃபில்டரில் கட்டிய தேன்கூட்டு ரியாக்டர்

குளுக்கோஸ் கரைசல், காற்று, வினையூக்கியாகப் பல்லேடியம். இந்த மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்தால் குளுக்கோஸ் குளுக்கோனிக் அமிலமாக மாறும். வேதியியல் இவ்வளவுதான். சந்திக்க வைப்பதுதான் பாடு. 50 டிகிரி செல்சியஸில், காற்றோடு கலந்து நிற்கும் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 5.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். அது 62 மில்லிகிராம் குளுக்கோஸுக்குத்தான் காணும். லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ் போட்டால், கரைந்த ஆக்சிஜன் 800 முறை தீர்ந்து 800 முறை நிரம்ப வேண்டும். எவ்வளவு உயர்ந்த வினையூக்கியாக இருந்தாலும், இந்த நிரப்பும் வேகத்தைத் தாண்டி அதனால் ஓட முடியாது.

தொழிற்சாலைகளில் குளுக்கோனிக் அமிலத்தைப் பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையை வைத்து நொதிக்க வைத்தே எடுக்கிறார்கள். அதோடு போட்டி போடும் எண்ணம் எனக்கு இல்லை. நான் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் வேதிப் பொறியியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். வாயு, திரவம், திடம் மூன்றும் சேரும் வினை ஒன்று மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். ஹைட்ரஜன் சிலிண்டர் கூடாது, மணக்கும் கரைப்பான் கூடாது. அதற்கு இந்த வினை வாகாக அமைந்தது. நீர், சர்க்கரை, காற்று, கொஞ்சம் காஸ்டிக் சோடா. உண்டாகும் அமிலத்தைக் காஸ்டிக் சோடா விட்டுச் சமன் செய்து பி.எச். 9ல் நிறுத்தினால், எவ்வளவு காஸ்டிக் இறங்கியதோ அவ்வளவு வினை நடந்திருக்கிறது. பியூரெட்டைப் பார்த்தே வேகத்தைச் சொல்லிவிடலாம்.

இந்த மாதிரி வினைகளுக்கு வழக்கமாக இரண்டு வழி உண்டு. வினையூக்கித் தூளைக் கலனில் போட்டு, அடியிலிருந்து காற்றை ஊதி, நன்றாகக் கிளறுவது ஒன்று. வினை நன்றாகவே நடக்கும். பிறகு அந்தத் தூளை வடிகட்டிப் பிரிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். பல்லேடியம் விற்கும் விலைக்கு வடிதாளில் ஒட்டிக்கொண்டு போகும் ஒவ்வொரு சிட்டிகையும் காசு. இன்னொரு வழி, 3 மி.மீ. உருண்டைகளை ஓர் உருளையில் நிரப்பி மேலிருந்து திரவத்தையும் காற்றையும் சேர்த்து இறக்குவது. வடிகட்டும் தொல்லை இல்லை. ஆனால் உருண்டைக்குள் இருக்கும் உலோகத்தைத் தேடி ஆக்சிஜன் நுண்துளைகள் வழியே அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று ஊர்ந்து போக வேண்டும். பாதி வழியிலேயே அது தீர்ந்துவிடும். நடுவில் இருக்கும் பல்லேடியம் சும்மா கிடக்கும்.

மூன்றாவது வழி, வினையூக்கிக்கே ஒழுங்கான ஒரு வடிவம் கொடுப்பது. நேர்க்கோட்டில் ஓடும் நூற்றுக்கணக்கான சிறு வாய்க்கால்கள். அவற்றின் சுவரில் மட்டும் மெல்லிய பூச்சாக வினையூக்கி. கார் புகைக்குழாயில் இருக்கும் தேன்கூட்டுப் பீங்கான் இதுதான். கார்னிங் நிறுவனத்தின் ராட்னி பேக்லி, இர்வின் லாக்மன், ரொனால்ட் லூயிஸ் மூவரும் 1970களின் தொடக்கத்தில் அதை உருவாக்கினார்கள். 1975 மாடல் கார்களிலிருந்து அமெரிக்காவில் பரவலாக ஏறியது. அதில் ஓடுவது வாயு மட்டும். திரவத்தையும் சேர்த்து ஓட்டுவதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனது ஸ்வீடன். கோத்தன்பர்க்கில் உள்ள சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வோடு இணைந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிப்பில் ஆந்த்ராகுவினோன் என்ற சேர்மத்தோடு ஹைட்ரஜனைச் சேர்க்கும் கட்டத்துக்குத் தேன்கூட்டைப் பயன்படுத்தினார்கள். பிறகு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆட்கள் இதைத் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். இவற்றை மைக்ரோ வாய்க்கால் என்று கறாராகச் சொல்ல வேண்டுமானால் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இருக்க வேண்டும். என்னுடையது 1.4 மி.மீ. மில்லி வாய்க்கால் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

தேன்கூடு கிடைத்த இடம்

பூச்சு இல்லாத வெறும் தேன்கூட்டை ஆய்வகப் பொருள் விற்பவர்களிடம் கேட்டால் குறைந்தபட்ச ஆர்டரே தலையைச் சுற்ற வைக்கும். கோவையில் அதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. இங்கே தெருவுக்குத் தெரு ஃபவுண்டரி. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும்போது கசடு உள்ளே போகாமல் தடுக்க, வாய்க்காலின் குறுக்கே ஒரு பீங்கான் ஃபில்டர் வைப்பார்கள். அதில் ஒரு ரகம் அசல் தேன்கூடு. சதுர அங்குலத்துக்கு 100, 200, 300 கண் என்று கிடைக்கும்.

"எத்தனை டன் ஊத்தறீங்க சார்?" என்றார் கடைக்காரர்.

"டன்னெல்லாம் இல்லைங்க, ஒரு லிட்டர் சர்க்கரைத் தண்ணிதான்" என்றேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து ஒரே லாட்டில் இருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஒரே லாட்டில் எடுப்பது முக்கியம். நான் வாங்கியது 50 மி.மீ. சதுரம், 22 மி.மீ. தடிமன், 200 கண் ரகம். கண்ணுக்குக் கண் இடைவெளி 1.8 மி.மீ.; திறப்பு ஏறக்குறைய 1.4 மி.மீ. நீளமான வாய்க்கால் வேண்டுமானால் ஏழு துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். வேறு வேறு லாட் என்றால் கண்கள் நேர்கோட்டில் நிற்காது. கணக்குப் பார்த்தால் ஒரு கன மீட்டர் தேன்கூட்டில் 1,700 சதுர மீட்டருக்கு மேல் சுவர் இருக்கிறது. 3 மி.மீ. உருண்டைகள் நிரப்பிய உருளையில் இது 1,200க்குப் பக்கம். பரப்பில் வித்தியாசம் பெரிதில்லை. விஷயம் பூச்சின் தடிமனில் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

முதலில் 25 மி.மீ. வட்டமாக அறுத்தேன். வைரத்தூள் பதித்த ஹோல் சா, அடியில் மரக்கட்டை, மேலே சொட்டுச் சொட்டாக நீர். அழுத்தம் கொடுக்காமல் கருவியின் எடையே அறுக்கட்டும் என்று விட்டால் ஓரம் உதிராது. ஒரு வட்டத்தில் ஏறக்குறைய 150 வாய்க்கால். ஓரத்தில் பாதியாக அறுபட்ட கண்களைச் சிலிக்கோன் வைத்து அடைத்தேன். புளித்த வாடை வரும் சிலிக்கோன் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். அமிலத்தை அளந்து வேகம் சொல்லும் அமைப்பில் அது ஆகாது. நியூட்ரல் ரகம் சரி.

பூச்சு

கார்டியரைட்டின், அதாவது இந்தத் தேன்கூட்டுப் பீங்கானின், சொந்தப் பரப்பு மிகக் குறைவு. பல்லேடியம் பரந்து உட்கார நுண்துளை அலுமினா வேண்டும். குரோமட்டோகிராபிக்கு விற்கும் காமா அலுமினாவை எடுத்து, சிர்கோனியா குண்டுகளோடு உருளும் குண்டு அரைவையில் (ball mill) இரவெல்லாம் அரைத்தேன். துகள் சில மைக்ரானுக்கு இறங்காவிட்டால் பூச்சு சுவரைப் பிடிக்காது. அதிர்ச்சி கொடுத்ததும் செதிலாக உதிரும். அரைத்ததை நீரில் 20 சதவீதமாகக் கலந்து, பசையாகக் கொஞ்சம் போமைட் சேர்த்து, நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 4க்குக் கொண்டுவந்தேன். பதம் நீர்மோரை விட ஒரு சுற்று கெட்டி.

துண்டுகளை அடுக்குவதற்கு முன்பே ஒவ்வொன்றாக முக்கி எடுத்தேன். 22 மி.மீ. ஆழம்தான் என்பதால் கம்ப்ரஸர் காற்றில் ஒரே ஊதில் எல்லாக் கண்களும் திறந்துவிடும். நீளத் துண்டாக இருந்திருந்தால் நடுவில் அடைத்த கண்ணைத் தேடியே கண் பூத்திருக்கும். உலர்த்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. துண்டைச் சும்மா நிறுத்தி வைத்தால் குழம்பு ஒரு பக்கம் இறங்கிக் கெட்டியாகும். பழைய மைக்ரோவேவின் தட்டு சுழற்றும் மோட்டாரை எடுத்துப் படுக்கைவாட்டில் பொருத்தி, துண்டுகளை மெல்லச் சுழலவிட்டு உலர்த்தினேன். பிறகு உலையில் நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் ஏற்றி 500 டிகிரி. அவசரப்பட்டு ஏற்றினால் ஏரி வற்றிய தரை போல வெடித்துவிடும்.

எடை 10 சதவீதம் கூடும் வரை முக்கினேன். சராசரியாக 40 மைக்ரான் தடிமன். சராசரி என்றுதான் சொல்ல முடியும். சதுர வாய்க்காலில் மூலைகளில் குழம்பு தேங்கும், அங்கே பூச்சு பல மடங்கு தடிப்பு. இருந்தாலும், துளைகளுக்குள் ஆக்சிஜன் ஊடுருவ ஆகும் நேரம் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 3 மி.மீ. உருண்டையில் கணக்குக்கு எடுக்கும் தூரம் அரை மில்லிமீட்டர். இங்கே 40 மைக்ரான். 150 மடங்கு வேகம். தேன்கூட்டின் மொத்த ஆதாயமும் இந்த ஒரு எண்ணில் அடங்கிவிடும்.

ஒட்டுதலைச் சோதிக்க ஒரு துண்டை அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்து, முன்னும் பின்னும் எடை பார்த்தேன். தொட்டி நீர் லேசாகக் கலங்கியது. எடை கிட்டத்தட்ட அப்படியே நின்றது. போதும்.

பல்லேடியம் குளோரைடு வெறும் நீரில் கரையாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பழுப்பாகக் கரையும். அமிலக் கரைசலில் அலுமினாவின் மேற்பரப்பு நேர்மின்னேற்றம் பெறும்; பல்லேடியம் அங்கே எதிர்மின் அயனியாக இருக்கிறது. இரண்டும் பார்த்ததும் கட்டிக்கொள்ளும். கரைசல் உள்ளே நுழையும் முனையிலேயே உலோகம் முழுவதும் படிந்து, மறுமுனை வெள்ளையாகவே நிற்கும் அபாயம் உண்டு. அதனால் கொஞ்சம் சிட்ரிக் அமிலத்தைக் கலந்தேன். அதுவும் அதே இடங்களுக்குப் போட்டி போடும்; பல்லேடியம் பரவலாக உட்காரும். பூச்சு எடையில் ஒரு சதவீதம் உலோகம் என்று கணக்கு. 150 வாய்க்கால் அடுக்குக்கு 50 மில்லிகிராம் சொச்சம்.

ஹைட்ரஜன் வேண்டாம் என்று முடிவு செய்திருந்ததால், வெதுவெதுப்பான சோடியம் ஃபார்மேட் கரைசலில் போட்டு உலோகமாக்கினேன். பழுப்பு சாம்பலாகிக் கறுப்பாகும். சின்னச் சின்ன வாயுக் குமிழிகள் வரும். பிறகு குளோரைடு போகும் வரை கழுவல். கழுவிய நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டால் வெண்மை படரக் கூடாது. இந்தக் கழுவல்தான் இருக்கும் வேலைகளிலேயே சலிப்பானது. ஆனாலும் விட முடியாது.

ஒரே ஒரு கண்ணாடி வாய்க்கால்

பீங்கானுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் 1.5 மி.மீ. உள்விட்டமுள்ள கண்ணாடிக் குழாய் ஒன்றில் அதே வேகத்தில் திரவத்தையும் காற்றையும் சேர்த்து விட்டுப் பார்த்தேன். குமிழி, நீர்த்துண்டு, குமிழி, நீர்த்துண்டு என்று ரயில் பெட்டி வரிசையாக ஓடும். இதற்கு டெய்லர் ஓட்டம் என்று பெயர். 1961ல் ஜி. ஐ. டெய்லரும் எஃப். பி. ப்ரெதர்டனும் இந்த ஓட்டத்தில் சுவரில் எஞ்சும் திரவப் படலத்தின் தடிமனை ஆராய்ந்தார்கள். ப்ரெதர்டன் தந்த சூத்திரத்தில் என் எண்களைப் போட்டேன். நொடிக்கு 10 செ.மீ. வேகம், 50 டிகிரி நீர், 0.7 மி.மீ. ஆரம். படலம் 8 மைக்ரான் வருகிறது. அதைக் கடக்க ஆக்சிஜனுக்கு நொடியில் அறுபதில் ஒரு பங்கு போதும். குமிழிக்கும் வினையூக்கிக்கும் நடுவே அவ்வளவுதான் தடை.

நீர்த்துண்டின் உள்ளேயும் திரவம் சும்மா இருப்பதில்லை. நடுவில் முன்னோக்கியும் சுவரோரம் பின்னோக்கியும் உருண்டுகொண்டே போகும். இதைக் காட்ட, குளுக்கோஸும் காஸ்டிக்கும் கலந்த கரைசலில் துளி மெத்திலீன் நீலத்தை விட்டேன். ஆக்சிஜன் இல்லாதபோது நிறமற்றது. ஆக்சிஜன் பட்டதும் நீலம். குமிழியை ஒட்டிய பக்கம் நீலம் தொடங்கி, சுழலில் சிக்கி, துண்டு முழுக்கப் பரவுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆய்வகத்தில் எல்லாரும் ஒரு முறையாவது வந்து நின்று பார்த்தது இதைத்தான். கிளறி இல்லாமல், மோட்டார் இல்லாமல் கலக்கல் தானாக நடக்கிறது.

ஒரு வாய்க்கால் இவ்வளவு அழகாக நடந்துகொள்ளும் என்றால், 150ம் அப்படியே நடந்துகொள்ளும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

150 வாய்க்கால்

ஏழு துண்டுகளையும் டெஃப்லான் டேப் சுற்றி அக்ரிலிக் குழாயில் இறுக்கமாக இறக்கினேன். கண்கள் நேராக நிற்க, நான்கு ஓரக் கண்களில் மெல்லிய எஃகுக் கம்பி கோத்து அடுக்கி, கடைசியில் கம்பிகளை உருவிவிட்டேன். குளுக்கோஸ் கரைசல் ஒரு லிட்டர் குடுவையில், சுடுநீர்த் தொட்டிக்குள். பெரிஸ்டால்டிக் பம்ப் நிமிடத்துக்கு 600 மி.லி. எடுத்து மேலே கொடுக்கும். மீன் தொட்டி ஏர் பம்ப் நிமிடத்துக்கு 1.2 லிட்டர் காற்று தரும். பம்ப் துடிப்பது கரைசலிலும் துடிப்பாகத் தெரியாதிருக்க, நடுவில் பாதி நிரம்பிய ஒரு சின்ன பாட்டில்.

காற்றுக்குப் போகும் வழியில் இரண்டு பாட்டில் வைத்தேன். ஒன்றில் காஸ்டிக் கரைசல். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பி.எச். 9 கரைசலில் கரைந்தால் அதுவும் காஸ்டிக்கைத் தின்னும். நிமிடத்துக்கு 1.2 லிட்டர் காற்றில் வருவது முழுதும் கரைந்தால், மணிக்கு ஒரு மோலார் காஸ்டிக் ஒரு மி.லி.க்கு மேல் வீணாக இறங்கும். வினை நடந்ததாக ஏமாந்துவிடுவோம். இரண்டாவது பாட்டிலில் 50 டிகிரி நீர், காற்று ஈரமாகப் போவதற்கு. காய்ந்த காற்று போனால் தேன்கூட்டின் மேல் முகம் குளிர்ந்து உலரும். பூச்சில்லாத அடுக்கை வைத்து ஓட்டி, காஸ்டிக் இறங்கவில்லை என்று பார்த்த பிறகே பல்லேடியம் அடுக்கைப் போட்டேன்.

வினை நடந்தது. ஆனால் கண்ணாடிக் குழாய்க் கணக்கு சொன்னதற்குக் கிட்டேயே வரவில்லை.

சாயம் விட்டதும் காரணம் தெரிந்தது. அடியில் இருந்து பார்த்தால் ஒரு பக்கத்தில் சில வாய்க்கால்களிலிருந்து திரவம் தாரையாகக் கொட்டுகிறது. எதிர்ப்பக்கத்தில் மூலையோரமாக மட்டும் கசிகிறது. நடுவே காற்று தங்குதடையின்றி ஓடுகிறது. மேலே தூவும் முனையை மாற்றினால் கொட்டும் இடம் மாறுகிறதே தவிர, கொட்டுவதும் காய்வதும் மாறவில்லை.

இதில் தூவும் முனையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாய்க்காலில் இறங்கும் திரவத்தை அதன் எடை கீழே இழுக்கிறது. சுவர் உராய்வு தடுக்கிறது. இரண்டும் சமமாகும் வேகம் ஒன்று உண்டு. குமிழிகளின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 1.4 மி.மீ. வாய்க்காலில் நொடிக்கு 1.2 மீட்டர் வருகிறது. நான் ஓட்டுவதோ 10 செ.மீ. உராய்வு இங்கே பேச்சுக்குக் கூட இல்லை, எடைதான் ராஜா. எந்த வாய்க்காலில் தற்செயலாகத் திரவம் கொஞ்சம் கூடுதலாக விழுகிறதோ, அது கனத்து வேகமாக இறங்கும். மேலிருந்து இன்னும் இழுத்துக்கொள்ளும். பக்கத்து வாய்க்கால் காயும். இருப்பவனுக்கே மேலும் சேரும் கதை. கீழிருந்து மேலே ஓட்டினாலும் தப்ப முடியாது. அங்கே காற்று அதிகம் புகுந்த வாய்க்கால் லேசாகி மேலே பாயும். பக்கத்து வாய்க்காலில் திரவம் கீழே திரும்பி வரும்.

வாய்க்காலைச் சிறிதாக்குவது ஒரு வழி. சமநிலை வேகம் அகலத்தின் இருமடிக்கு ஏற்ப இறங்கும், 0.6 மி.மீ. என்றால் நொடிக்கு 22 செ.மீ. மைக்ரோ வாய்க்கால் ஆட்கள் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போவதன் ஒரு லாபம் இது. அங்கே உராய்வு தானாகவே ஒழுங்குபடுத்தும். ஆனால் ஃபவுண்டரிக் கடையில் 0.6 மி.மீ. கண் கிடைக்காது. மைக்ரோ வாய்க்கால் ஆட்கள் செய்யும் இன்னொன்றை நான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாய்க்காலின் வாசலிலும் வாய்க்காலை விடப் பல மடங்கு பெரிய தடையை வைத்துவிட்டால், உள்ளே என்ன ஆட்டம் நடந்தாலும் வாசலில் போகும் அளவு மாறாது.

ஊசித் தட்டு

150க்கும் வாசல் கட்டுவது நடக்காத காரியம். தேன்கூட்டில் ஆறுக்கு ஆறாக 36 கண் கொண்ட சதுரத் தூண் அறுத்தேன். மறுபடி அதே பூச்சு, அதே கழுவல்; பல்லேடியம் 12 மில்லிகிராம்தான். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு 26 நம்பர் ஊசி. மருந்துக் கடையில் கிடைக்கும் அரை அங்குல ஊசிதான்; உள்விட்டம் 0.26 மி.மீ. பிளாஸ்டிக் தலையை வெட்டிவிட்டு, துளையிட்ட அக்ரிலிக் தட்டில் எபாக்சி வைத்து நட்டேன். துளைகளை இடும்போது வழிகாட்டியாகத் தேன்கூட்டின் ஒரு துண்டையே தட்டின் மேல் கட்டிக்கொண்டேன். 1.8 மி.மீ. இடைவெளியை அளந்து குறிப்பதை விட இது எவ்வளவோ மேல்.

ஒரு வாய்க்காலுக்கு நிமிடத்துக்கு 4 மி.லி. திரவம். அந்த ஓட்டத்துக்கு இந்த ஊசி 40 செ.மீ. நீர்மட்டத்துக்கும் மேலான அழுத்தத்தைக் கேட்கும். 15 செ.மீ. வாய்க்காலில் மூன்றில் ஒரு பங்கு திரவம் நின்றால் அதன் எடை 5 செ.மீ. நீர்மட்டம். எட்டு மடங்குக்கு மேல் தடை, போதும். ஊசி முனைகள் வாய்க்காலுக்குள் சற்று இறங்கி நிற்கின்றன. காற்று தட்டுக்கும் தேன்கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பொதுவாக நுழைகிறது. காற்றுக்குத் தனித் தடை வைக்கவில்லை. திரவத்தைச் சரி செய்தாலே காற்று பெரும்பாலும் வழிக்கு வரும் என்று நினைத்தேன், வந்தது.

கீழ் முகத்திலும் ஒரு வேலை இருந்தது. வெளியேறும் துளிகள் பரப்பு இழுவிசையால் ஒன்றோடொன்று ஒட்டி, பல வாய்க்கால்களின் வாயை மூடிக்கொண்டு தொங்கின. அடியில் எஃகு வலை ஒன்றைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்ததும் துளி அதில் ஏறி வடிந்துவிட்டது. சாய்வாக அறுத்தாலும் நடக்கும், வலை எளிது.

ஆறு வரிசைக்கும் அடியில் ஆறு சோதனைக் குழாய் வைத்துப் பிடித்துப் பார்த்தேன். மட்டங்கள் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நின்றன. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அந்த ஆறு மட்டங்கள்தான், வினை வேகம் கூட இல்லை.

வேகம் ஏறியது, இறங்கியது

புதுத் தூணில் காஸ்டிக் இறங்கிய வேகம், ஒரு கிராம் பல்லேடியத்துக்கு என்று பார்த்தால், பழைய அடுக்கை விடப் பல மடங்கு. அரை மணி நேரம் அப்படியே போனது. பிறகு வேகம் தணியத் தொடங்கி, இறங்கிக்கொண்டே வந்தது. பழைய அடுக்கு மந்தமாக இருந்தாலும் நாள் முழுக்க ஒரே சீராக ஓடியது என்பதுதான் விசித்திரம்.

உலோகம் கரைந்து போகிறதோ? குளுக்கோனிக் அமிலத்தின் உப்பான குளுக்கோனேட் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள். சந்தேகத்துக்கு இடம் உண்டு. தூணைக் கழற்றிவிட்டு, அதே கரைசலில் காற்றை மட்டும் ஊதிப் பார்த்தேன். காஸ்டிக் இறங்கவில்லை. அதாவது வினை செய்யும் உலோகம் எதுவும் கரைசலில் இல்லை. தூணின் எடையும் மாறவில்லை.

அடுத்து, காற்றை நிறுத்தி, அதே ஓட்டத்தில் சிறிது நேரம் நைட்ரஜனை விட்டேன். மறுபடி காற்று. வேகம் பழைய உச்சத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது! பிறகு அதே மாதிரி இறக்கம்.

பிளாட்டினம், பல்லேடியம் இரண்டுக்கும் இந்த வகை ஆக்சிஜனேற்றத்தில் இந்தக் குணம் உண்டு. ஆக்சிஜன் தட்டுப்பாடாக இருக்கும் வரை குளுக்கோஸ் உலோகப் பரப்பைத் துடைத்துக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் தாராளமானால் அது பரப்பை மூடிக்கொள்ளும். குளுக்கோஸ் உட்கார இடம் இருக்காது. பழைய அடுக்கில் பாதி வாய்க்கால் மூச்சுத் திணறிக்கொண்டிருந்ததால்தான் அங்கே உலோகம் உயிரோடு இருந்தது. வாசலைச் சீர்செய்து எல்லா வாய்க்காலுக்கும் ஆக்சிஜன் கிடைத்ததும், கிடைத்ததே தொல்லையானது. ஆக்சிஜன் போன்றவற்றைக் கொண்டு சேர்க்கும் வேகத்தை ஏற்றிக் கொடுப்பதே தேன்கூட்டின் பெருமை என்று எங்கும் எழுதியிருப்பார்கள். எல்லா வினைக்கும் அது நல்லதல்ல. எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை வினையூக்கியிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

டைமர் ரிலேயும் ஒரு சோலினாய்டு வால்வும் போட்டு, சில நிமிடம் காற்று, பிறகு சிறிது நேரம் நைட்ரஜன் என்று மாற்றிவிட்டேன். காற்றை வெறுமனே நிறுத்தினால் குமிழி ஓட்டமே நின்றுவிடும் என்பதால்தான் நைட்ரஜன். இன்னொரு வழியும் பார்த்தேன்: காற்றில் எப்போதும் நைட்ரஜனைக் கலந்து ஆக்சிஜனைப் பாதியாகக் குறைப்பது. உச்சம் கொஞ்சம் தணிந்தது. ஆனால் சரிவும் நின்றது. மாணவர்களுக்குக் காட்ட முதல் வழி சுவாரசியம். காஸ்டிக் இறங்கும் கோடு மரம் அறுக்கும் ரம்பம் போல மேலும் கீழுமாக வரும். நாள் முழுக்க ஓட்ட இரண்டாவது வழி.

இதனிடையே கரைசல் லேசாக மஞ்சளாவதைக் கவனித்தேன். குளுக்கோஸ் காரத்தில் ஃப்ரக்டோஸாகத் திரும்பும். காரம் கூடினால் பழுப்பாகும். பி.எச். மீட்டர் 9தான் காட்டியது. காஸ்டிக் சொட்டு விழும் இடத்தில் மட்டும் அது மிக அதிகம். சொட்டும் குழாயைக் கிளறிக்கு நேர் மேலே நகர்த்தியதும் நிறம் தெளிந்தது.

ஒப்பிட்டுப் பார்க்காமல் விடக் கூடாது என்று, பழைய 25 மி.மீ. அடுக்கில் இருந்து ஒரு துண்டைப் பொடித்து, குடுவையில் போட்டு, கிளறியும் காற்றுமாக ஓட்டினேன். உள்ளதைச் சொல்ல வேண்டும்: நன்றாகவே ஓடியது. குறைந்த அளவு தூள், வேகமான கிளறி, ஒரு லிட்டர் குடுவை என்ற அளவில் தேன்கூடு அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடாது. தூள் இன்னும் நுண்ணியது, அதனுள் ஊடுருவும் தூரம் இன்னும் குறைவு. வித்தியாசம் அதற்குப் பிறகுதான். தூளை வடிகட்ட அரை நாள் போனது. வடிநீர் கடைசி வரை சாம்பல் நிறம். தூணைக் கழுவ வேண்டியது சுடுநீர் ஓட்டி ஐந்து நிமிடம். அடுத்த கரைசலுக்குத் தயார். ஆய்வகத்துக்கு ஒரு முறை மட்டும் கொஞ்சம் குளுக்கோனேட் வேண்டும் என்றால் குடுவையே போதும், இவ்வளவு பாடு வேண்டியதில்லை.

இப்போது பிஸ்மத் சேர்த்த இரண்டாவது தூண் உலர்ந்துகொண்டிருக்கிறது. பல்லேடியத்தோடு பிஸ்மத் கொஞ்சம் சேர்த்தால் ஆக்சிஜன் மூடிக்கொள்வதை அது தாங்கும் என்பது இத்துறையில் நன்கு தெரிந்த விஷயம். பிஸ்மத் நைட்ரேட் வெறும் நீரில் வெள்ளையாகப் பிரிந்துவிடும். நைட்ரிக் அமிலத்தில் கரைத்தே ஏற்ற வேண்டும். ஊசித் தட்டைக் கட்டுபவர்களுக்கு ஒன்று: பம்புக்கும் தட்டுக்கும் நடுவே 50 மைக்ரான் வலை வையுங்கள். பூச்சிலிருந்து உதிரும் ஒரே ஒரு செதில் போதும் ஒரு ஊசியை அடைக்க. தட்டை ஒட்டிவிடாமல் ஓ-ரிங் வைத்து நான்கு போல்ட்டில் மாட்டியிருக்கிறேன். அடைத்தால் கழற்றி, மெல்லிய கம்பி விட்டு, திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.